சாவியும் உடைமையும்

கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்பவர்களிடையே பழமொழிபோலப் புழங்கும் வாக்கியம் ஒன்று உண்டு: சாவி உன்னிடம் இல்லை என்றால் காசும் உன்னுடையது இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் அறிவுரை இது. ஜாக்கிரதையாக இரு என்பதற்காகச் சொல்லப்படுவது. எனக்கோ அதைக் கேட்டதும் வேறொன்று தோன்றியது. நம் வீடுகளில் பல தலைமுறைகளாக நடந்து வருவதை யாரோ எடுத்துச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

நான் தமிழ் படித்தவள், தமிழ் கற்பிக்கிறவள். கணினி என் துறை இல்லை. ஆனால் உடைமை என்ற சொல் என் துறைக்குள் வருவது. வேற்றுமை நடத்தும்போது ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கிழமை, அதாவது உரிமை என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஏழாம் வேற்றுமைக்குப் பொருள் இடம். 'அவளுடைய நகை' என்பது ஆறாம் வேற்றுமை. 'அவளிடம் உள்ள நகை' என்பது ஏழாம் வேற்றுமை. இரண்டும் ஒன்றில்லை என்பது முதலாண்டு மாணவிக்கும் தெரியும். என்னுடைய நகை இன்னொருவரிடம் இருக்கலாம். என்னிடம் இருக்கும் நகை இன்னொருவருடையதாக இருக்கலாம். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை வைத்து அது யாருடையது என்று முடிவுகட்ட முடியாது. பிளாக்செயின் தொழில்நுட்பம் ஆறாம் வேற்றுமையை ஏழாம் வேற்றுமைக்குள் கரைத்துவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் பேச நினைப்பது அதைப் பற்றித்தான்.

*

பிளாக்செயின் அடிப்படையில் ஒரு பேரேடு. மளிகைக்கடைக் கணக்கு கடைக்காரரிடம் இருக்கும். வங்கியின் கணக்கு வங்கியிடம் இருக்கும். இந்தப் பேரேட்டின் பிரதிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன. வரவுசெலவுகள் கட்டுக்கட்டாகச் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டும் தனக்கு முந்தைய கட்டின் கைரேகை போன்ற ஓர் எண்ணைத் தன்னுள் வைத்திருக்கிறது. நடுவே ஒரு வரியை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் பொருந்தாமல் போகும். எனவே பழைய கணக்கைத் திருத்துவது நடைமுறையில் முடியாத காரியம். 2008இல் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான 9 பக்கக் கட்டுரை பிட்காயினை முன்வைத்தது. நடுவில் வங்கி என்ற ஒருவரை நம்ப வேண்டிய தேவையில்லாமல் இரண்டு பேர் பணம் மாற்றிக்கொள்ள வழி செய்வதே அதன் நோக்கம்.

பிட்காயின் போன்ற பொதுப் பேரேடுகளில் மனிதர்களின் பெயர்கள் இல்லை, முகவரிகள் உண்டு. முகவரிக்கு ஒரு ரகசியச் சாவி. மிக நீளமான ஓர் எண்தான் அந்தச் சாவி. எழுதிவைத்துக்கொள்ள வசதியாக அதை 12 அல்லது 24 சொற்களாகத் தருவார்கள். விதைச் சொற்கள் என்று பெயர். பரவலாகப் பயன்படும் முறையில் அவை 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருகின்றன. ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், செக் என்று சில மொழிகளில் அந்தப் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. கவிதை எழுதுகிறவளுக்கு இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் பொறாமைகூட வரும். 12 சொற்களை வரிசை பிசகாமல் சொன்னால் ஒரு சொத்தே கைக்கு வருகிறது. ஆனால் யார் சொன்னாலும் வரும். மனமுவந்து சொன்னவர், ஒட்டுக்கேட்டவர், அடித்து வாங்கியவர் என்ற வேறுபாடு பேரேட்டுக்குக் கிடையாது. சாவி பொருந்துகிறதா என்ற ஒரே கேள்வியைத்தான் அது கேட்கும்.

நம் ஊரில் சாவிக்கும் பெண்ணுக்கும் இருக்கும் உறவை யோசித்துப்பாருங்கள். இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு வீட்டை ஆண்ட மாமியார்களைக் கதைகளிலும் சினிமாவிலும் பார்த்திருக்கிறோம், சொந்த வீட்டிலும் பார்த்திருக்கிறோம். பெட்டியைத் திறக்கும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. உள்ளே இருந்த பத்திரத்தில் அவர்கள் பெயர் இருந்ததில்லை. மறுபுறம், கல்யாணமாகி வந்த பெண்ணின் நகை அவளுடையது என்று ஊரே சொல்லும். அது இருக்கும் பீரோவின் சாவி இன்னொருவர் இடுப்பில் இருக்கும். ஒரே வீட்டில் ஒருத்தியிடம் சாவி இருந்தது, உடைமை இல்லை. இன்னொருத்திக்கு உடைமை இருந்தது, சாவி இல்லை. இந்த இடைவெளியில்தான் பெண்களின் சொத்துரிமைப் போராட்டம் முழுவதும் நடந்திருக்கிறது.

*

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஓர் இந்துப் பெண் வைத்திருக்கும் சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்றது. அதற்கு முன்பு கணவனை இழந்தவளுக்குக் கிடைத்ததெல்லாம் வாழ்நாள்வரை அனுபவிக்கும் உரிமை. அவள் காலத்துக்குப் பிறகு அந்தச் சொத்து கணவனின் வாரிசுகளுக்குத் திரும்பிப் போய்விடும். சட்டம் எழுதப்பட்ட பிறகும் நகை விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. 1982இல் பஞ்சாப் - அரியானா உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, கணவன் வீட்டுக்குள் கொண்டுவரப்பட்ட நகையும் பாத்திரமும் கணவன் மனைவி இருவரின் கூட்டுக் கைவசத்தில் இருக்கின்றன, எனவே அவள் அவற்றை அவனிடம் நம்பி ஒப்படைத்தாள் என்று சாதாரணமாகச் சொல்ல முடியாது என்றது. ஒப்படைப்பு இல்லை என்றால் நம்பிக்கை மோசடி வழக்கும் இல்லை.

1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. மூவரில் இருவரின் பெரும்பான்மைத் தீர்ப்பு அது. ஸ்திரீதனம் பெண்ணின் தனியுடைமை. கணவன் வீட்டு வாசற்படியைத் தாண்டியதால் அது கூட்டுச் சொத்தாக மாறிவிடாது. அதை வைத்திருக்கும் கணவனும் அவன் வீட்டாரும் அவளுக்காக வைத்திருக்கிறார்கள். கேட்கும்போது திருப்பித் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடி என்ற குற்றம். சுருக்கமாக, பீரோ சாவி யாரிடம் இருந்தாலும் நகை அவளுடையதுதான்.

தீர்ப்பு வந்துவிட்டால் போராட்டம் முடிந்துவிடாது என்பதும் நமக்குத் தெரியும். 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் முடித்துவைத்த கேரள வழக்கு ஒன்றில், திருமணத்தன்று போட்டுவந்த 89 சவரன் நகையை முதலிரவிலேயே பத்திரமாக வைப்பதாகச் சொல்லிக் கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டார் என்பது மனைவியின் முறையீடு. குடும்பநல நீதிமன்றம் 2011இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நகையைக் கணவர் எடுத்ததற்கு ஆதாரம் போதவில்லை என்று 2022இல் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்சநீதிமன்றம், குடும்ப வழக்கில் கிரிமினல் வழக்குக்கு வேண்டிய அளவு ஆதாரம் கேட்கக் கூடாது, எது நடந்திருக்கக்கூடும் என்று நியாயமாகத் தோன்றுகிறதோ அதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. கல்யாணம் நடந்தது 2003இல். நியாயம் கிடைக்க 21 ஆண்டுகள்.

முதலிரவில் எந்தப் பெண் ரசீது கேட்பாள்? கேட்டிருந்தால் அவளைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள்? நீதிபதிக்கு இந்தக் கேள்விகள் புரியும், அல்லது புரியவைக்க முடியும். ஏனென்றால் அவரும் இந்தச் சமூகத்தில் கல்யாணங்களுக்குப் போய்வந்தவர். நகை இருந்த இடத்தில் பிட்காயின் இருந்திருந்தால்? பத்திரமாக வைப்பதாகச் சொல்லி 12 சொற்களை வாங்கிக்கொண்டவர் தன் தாயின் முகவரிக்கு அதை மாற்றியிருந்தால்? பேரேட்டைப் பொறுத்தவரை அது சரியான பரிமாற்றம். அங்கே முதலிரவும் இல்லை, மாமியாரும் இல்லை.

*

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு வராமல் இல்லை. வந்தது சென்னைக்கே. கொண்டுவந்தவர் ஒரு பெண்.

2024 ஜனவரியில் அவர் வசீர்எக்ஸ் என்ற பரிமாற்றத் தளத்தில் சுமார் 2 லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி என்ற கிரிப்டோ நாணயங்களை வாங்கியிருந்தார். 2024 ஜூலை 18 அன்று அந்தத் தளத்தில் பெரும் திருட்டு நடந்தது. சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் போயின. திருடப்பட்டவை வேறு வகை நாணயங்கள். இவருடையவை திருட்டுப் போகவில்லை. ஆனாலும் இவர் கணக்கு முடக்கப்பட்டது. நட்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், அதற்கான திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் இருக்கிறது என்று சொல்லப்பட்டது.

2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய உத்தரவு, கிரிப்டோ நாணயம் கையால் தொடக்கூடிய பொருளும் இல்லை, செலாவணியும் இல்லை, ஆனாலும் அது சொத்து என்றது. அனுபவிக்கக்கூடிய சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து. பணம் சென்னையிலிருந்து அனுப்பப்பட்டதால் இங்கே வழக்குத் தொடரலாம் என்றும், சமரசத் தீர்ப்பு வரும்வரை அவருடைய சொத்தின் மதிப்புக்குப் பாதுகாப்பு தரவேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. நியூசிலாந்து உயர்நீதிமன்றமும் 2020இல் கிரிப்டோபியா என்ற பரிமாற்றத் தளம் திவாலானபோது இதே திசையில்தான் போனது. தளத்தின் சாவியில் இருந்த நாணயங்கள் தளத்தின் சொத்தாகாது. வாடிக்கையாளர்களுக்காக அது பொறுப்பில் வைத்திருந்தவை.

பிரதிபா ராணி வழக்கின் அருகில் இதை வைத்துப் படியுங்கள். 'உன் நகை எங்கள் பீரோவில் இருக்கிறது. வீட்டுக் கடனை எல்லோரும் சேர்ந்துதான் அடைக்க வேண்டும்' என்று சொல்லும் புகுந்த வீட்டுக்கும், 'உன் நாணயம் எங்கள் சாவியில் இருக்கிறது. நட்டத்தை எல்லோரும் சேர்ந்துதான் தாங்க வேண்டும்' என்று சொல்லும் தளத்துக்கும் குரலில்கூட அதிக வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் நீதிமன்றம் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது. வைத்திருப்பது வேறு, உடைமை வேறு. ஸ்திரீதன வழக்குகளில் பெண்கள் அழுது, அலைந்து, பிறந்த வீட்டின் பேச்சையும் வாங்கிக்கொண்டு பெற்ற கொள்கையோடு இந்தப் புதிய தீர்ப்புக்கு நெருங்கிய உறவு இருக்கிறது. கிரிப்டோ பற்றிப் பேசும் ஆண்கள் எவரும் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாம் நினைத்துக்கொள்ளலாம்.

*

இங்கே ஓர் எதிர்வாதத்தைக் கேட்டாக வேண்டும். அது பெண்கள் தரப்பிலிருந்தே வருவது, எளிதில் தள்ள முடியாதது.

ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் மென்பொருள் நிறுவனம் நடத்திய ரோயா மஹ்பூப், தம்மிடம் வேலை செய்த பெண்களுக்குப் பிட்காயினில் ஊதியம் தர ஏற்பாடு செய்தார். பலருக்கு வங்கிக் கணக்கு இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் அப்பாவோ அண்ணனோ வாங்கிக்கொள்வார்கள். கைபேசிக்குள் இருக்கும் சாவியை அவர்களால் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண்களுக்குச் சட்டமும் வங்கியும் தராத ஒன்றை ஒரு சாவி தந்தது. நீதிமன்றம் உனக்கானதாக இல்லாத ஊரில், சாவி உன்னிடம் இருக்கட்டும் என்பதைவிட நல்ல அறிவுரை கிடையாது.

நமக்கும் இது தெரியாததில்லை. தமிழில் சிறுவாடு என்று அழகான சொல் இருக்கிறது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, அரிசிப் பானையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் சேர்க்கும் பணம். கணவனுக்குத் தெரியாத பணம் என்பதே அதன் இலக்கணம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது எத்தனை வீடுகளில் சிறுவாடு கணவன் கையால் வங்கிக்குப் போனது! மாற்றிக்கொண்டு வந்தபோது அது சிறுவாடாக இல்லை. பிட்காயினைப் பெண்களின் புதிய சிறுவாடு என்று சொல்கிறவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது.

ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அரிசிப் பானையில் இருக்கும் நோட்டுக்கு வரலாறு கிடையாது. பொதுப் பேரேட்டில் இருக்கும் நாணயத்துக்கு வரலாறு முழுவதும் உண்டு, அழியாமல் உண்டு. முகவரி அவளுடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அவள் எப்போது எவ்வளவு வாங்கினாள், எந்த முகவரிக்கு அனுப்பினாள் என்பதை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பிப் போனவளை அவன் பணத்தின் வழியாகத் தொடர முடியும்.

இன்னொன்று, கைபேசி யாருடையது என்பது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த இந்தியப் பெண்கள் சுமார் 54 விழுக்காடு. என் வகுப்பில் உதவித்தொகைப் படிவம் நிரப்பும் நாட்களில் இதை நேரில் காண்கிறேன். "அம்மா, ஓடிபி எங்க அண்ணன் போனுக்குத்தான் போகும். அவன் வேலைக்குப் போயிருக்கான். நாளைக்குப் போடலாமா?" முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண், அவள் பெயரில் வரும் பணம், சாவி அண்ணனிடம். அந்த அண்ணன் நல்லவனாகவே இருக்கலாம். நான் பார்த்தவரை பலரும் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் நல்ல அண்ணன் இருக்கும்வரைதான் அது உரிமை என்றால் அதற்கு உரிமை என்று பெயர் வைக்க முடியாது.

ஆகவே ஆப்கானியப் பெண்களின் அனுபவத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். சட்டம் கைவிட்ட இடத்தில் சாவி ஒரு புகலிடம். புகலிடம் தேவைப்படுகிறவர்களிடமிருந்து அதைப் பிடுங்கக் கூடாது. அதற்காகப் புகலிடத்தையே எல்லோருக்குமான நாடு என்று சொல்லிவிடவும் முடியாது.

*

பிளாக்செயின் ஆர்வலர்களுக்குப் பிடித்த இன்னொரு கருத்து, நிரலே சட்டம் என்பது. நிபந்தனைகளை நிரலாக எழுதிவிட்டால் ஒப்பந்தம் தானே நிறைவேறும், வக்கீலும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம். இதற்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று பெயர்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. அதில்கூட ஒரு கையெழுத்தைப் பார்த்தவுடன் ஒப்பந்தம் என்று சொல்லிவிடுவதில்லை. மிரட்டி வாங்கியதா, ஏமாற்றி வாங்கியதா, ஒருவர் மீது இன்னொருவருக்கு இருக்கும் செல்வாக்கைப் பயன்படுத்தி வாங்கியதா என்று கேட்கிறது. அப்படி வாங்கியிருந்தால், இழந்தவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். வெளியுலகத் தொடர்பின்றி வைக்கப்பட்ட பெண்களிடம் எழுதி வாங்கிய பத்திரங்களில், அவள் புரிந்துகொண்டுதான் போட்டாள் என்று நிரூபிக்கும் பொறுப்பை வாங்கியவர் மீதே வைக்கும் மரபும் நம் நீதிமன்றங்களில் இருக்கிறது. அந்த மரபில் பெண்ணைப் பேதையாகப் பார்க்கும் தொனி உண்டு. அதோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் கையெழுத்தும் சம்மதமும் வெவ்வேறு என்று அதற்குத் தெரிந்திருந்தது. பெண்ணியம் உடலைப் பற்றிப் பேசும்போது இத்தனை காலமாகச் சொல்லிவருவதும் அதைத்தானே? கதவு திறந்திருந்தது என்பது அழைப்பு ஆகாது. சாவி பொருந்தியது என்பது சம்மதம் ஆகாது.

நிரலே சட்டம் என்றவர்களுக்கே ஒரு சோதனை வந்தது. 2016இல் எத்தீரியம் பேரேட்டின் மீது தி டிஏஓ என்ற பொது முதலீட்டு நிதி உருவானது. அதன் விதிகள் எல்லாம் நிரலில். ஜூன் மாதம் யாரோ நிரலில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி 36 லட்சம் ஈதர் நாணயங்களை எடுத்துக்கொண்டார். நிரல்தான் சட்டம் என்றால் அது திருட்டே இல்லை. நிரல் அனுமதித்ததைத்தான் அவர் செய்தார். முதலீட்டாளர்கள் அப்படி விட்டுவிடவில்லை. விவாதித்து, வாக்கெடுத்து, ஜூலையில் அந்தப் பேரேட்டின் போக்கையே மாற்றிப் பணத்தை மீட்டார்கள். மாற்றக் கூடாது என்றவர்கள் பழைய பேரேட்டைத் தொடர்ந்தார்கள்; அது எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

மீட்டது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அநியாயம் நடந்தால் கணக்கைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழியாத எழுத்து என்று சொல்லப்பட்டது, இழந்தவர்கள் கூட்டமாகவும் செல்வாக்கோடும் இருந்தபோது அழிந்தது. ஒரு தனிப்பெண் தன் 12 சொற்களைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றால், அவளுக்காக எந்தப் பேரேடும் போக்கை மாற்றிக்கொள்ளாது. அவளிடம், சாவியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டாமா என்றுதான் கேட்பார்கள். இந்தக் கேள்வியின் தொனி நமக்குப் பழக்கமானது.

*

சாவி வைத்திருந்தவர் இறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. குவாட்ரிகா என்ற கனடா நாட்டுக் கிரிப்டோ தளத்தை நடத்திய ஜெரால்ட் கோட்டன் 2018 டிசம்பரில் இந்தியா வந்திருந்தபோது ஜெய்ப்பூரில் இறந்தார். சாவிகள் அவர் ஒருவரிடம் மட்டுமே இருந்தன என்று சொல்லப்பட்டது. அவர் கணினியின் கடவுச்சொல் தனக்குத் தெரியாது என்று மனைவி நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். உலகமே அவரைச் சந்தேகித்தது. 2020இல் ஒன்டாரியோ மாகாணப் பங்குச்சந்தை ஆணையம் விசாரணையை முடித்தபோது, அந்தப் பணத்தின் பெரும்பகுதி கோட்டன் உயிரோடு இருந்தபோதே செய்த மோசடியில் போய்விட்டது என்று தெரிந்தது. அதற்கு முன்பே, 2019இல், கணவர் வழி வந்த சொத்தில் பெரும்பகுதியை மனைவி திருப்பிக் கொடுத்திருந்தார்.

கணவனின் கணக்கு வழக்கு எதுவும் தெரியாமல், அவன் போன பிறகு கடன்காரர்கள் வாசலில் நிற்கும்போதுதான் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும் பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களுக்குக் கடைசியாக இருக்கும் ஆதாரம் மூன்றாவது ஒருவர்தான். வங்கி மேலாளர், கிராம நிர்வாக அலுவலர், வாரிசுச் சான்றிதழ் தரும் தாசில்தார். அந்த அலுவலகங்களில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எவ்வளவு அலட்சியத்தைத் தாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அங்கே போய்க் கேட்க ஒரு நாற்காலியும் அதில் ஓர் ஆளும் உண்டு. நடுவில் யாரும் இல்லாத பேரேட்டில் அவளுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை.

விவாகரத்திலும் இதே கதை. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020இல் உச்சநீதிமன்றம் வழிகாட்டுதல் வகுத்தது. கிரிப்டோ வைத்திருக்கும் கணவன் அதைச் சொல்லாமல் விடலாம். சாவி தொலைந்துவிட்டது என்றும் சொல்லலாம். இந்தியத் தளங்கள் வழியாக விற்றிருந்தால் 1 விழுக்காடு வரிப்பிடித்தம் அவனுடைய வருமான வரிக் கணக்கில் பதிவாகியிருக்கும். வழக்கு நடத்தும் பெண்கள் தங்கள் வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுப்பார்க்கச் சொல்ல வேண்டும். தன் சொந்த வாலட்டில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பவனிடம் அந்தத் தடயமும் இருக்காது.

*

நம் அரசு இதில் எங்கே நிற்கிறது? 2018இல் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வணிகத்துக்குச் சேவை தரக் கூடாது என்று வங்கிகளைத் தடுத்தது. 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2023 மார்ச்சில் தளங்கள் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. வரி வாங்குவதற்குச் சட்டம் இருக்கிறது, கண்காணிக்கச் சட்டம் இருக்கிறது. வைத்திருப்பவர் உடையவருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்று சொல்லும் முழுமையான சட்டம் இல்லை. அதை ஒவ்வொருவரும் நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

அரசே இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தவும் தொடங்கியிருக்கிறது. 2020இல் தமிழ்நாடு பிளாக்செயினுக்கென்று கொள்கை வெளியிட்டது. அரசின் பிளாக்செயின் கட்டமைப்புக்கு 'நம்பிக்கை இணையம்' என்று பெயர். சான்றிதழ்களை வைத்துக்கொள்ளும் செயலிக்கு 'இ-பெட்டகம்'. தமிழாசிரியையாக இந்தப் பெயர்களை ரசித்தேன். நம்பிக்கை தேவைப்படாத தொழில்நுட்பம் என்று உலகம் சொல்வதற்கு நம்மவர்கள் நம்பிக்கை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெட்டகம் என்றதும் சாவி ஞாபகமும் வருகிறது.

சான்றிதழ் போலியா இல்லையா என்று பார்க்க இது நல்ல வழி. நிலப் பதிவேடுகளையும் இதில் ஏற்ற வேண்டும் என்ற பேச்சு வரும்போதுதான் நான் கொஞ்சம் நிறுத்திக் கேட்கிறேன். பேரேடு, எழுதப்பட்டது மாறாமல் காக்கும். எழுதப்பட்டது சரியா என்று அதற்குத் தெரியாது. மகள்களின் பெயரை விட்டுவிட்டு எழுதிய வாரிசுப் பட்டியலும் அதே பாதுகாப்போடு இருக்கும்.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு உண்டு. அதற்கு முன் திருமணமானவர்களை அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் திருமணமானவர்களையும் உள்ளே சேர்த்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020இல்தான் உச்சநீதிமன்றம், வேண்டியதில்லை என்று சொல்லித் தீர்த்தது. 31 ஆண்டுகளில் மூன்று முறை. ஏற்கெனவே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளைச் சட்டமும் தொடவில்லை. எல்லாக் கணக்கையும் எந்நாளும் திறந்துவைத்திருக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் பெண்களுக்குக் கிடைத்ததெல்லாம் முடிந்ததாக நினைக்கப்பட்ட கணக்கை யாரோ மறுபடி திறந்ததால் கிடைத்தது.

பிளாக்செயினிலும் திருத்தம் செய்யலாம், பழைய வரியை விட்டுவிட்டுப் புதிய வரி சேர்க்கலாம் என்று தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரி. அந்தப் புதிய வரியைச் சேர்க்கும் அதிகாரம் யாருக்கு, யாருடைய உத்தரவின் பேரில், எத்தனை நாளில்? பழைய வரியே யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஒருத்தி கேட்டால்? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தக் கேட்கும் உரிமையையும் அழிக்கக் கேட்கும் உரிமையையும் தந்திருக்கிறது. அழியாத பேரேட்டில் தனிநபர் விவரத்தை நேரடியாக எழுதிவிட்டால் அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும். விவரத்தை வெளியே வைத்துவிட்டு அதன் கைரேகை எண்ணை மட்டும் பேரேட்டில் எழுதும் முறை இருக்கிறது. அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்பதற்குக் கணினிப் பட்டம் தேவையில்லை.

நான் கேட்க விரும்புபவை இவைதான். பிறர் நாணயத்தைத் தன் சாவியில் வைத்திருக்கும் ஒவ்வொரு தளமும் அதை அவர்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்று சட்டமே சொல்லட்டும். ஒவ்வொரு பெண்ணும் உயர்நீதிமன்றம்வரை போக வேண்டாம். வாரிசுதாரர் நியமனமும் வாரிசுகளுக்கு விவரம் தரும் கடமையும் கட்டாயமாகட்டும். குடும்பநல நீதிமன்றப் படிவங்களில் கிரிப்டோவுக்குத் தனி வரி இருக்கட்டும். சாவி தொலைந்தது என்பவர் தொலைந்த கதையை நிரூபிக்கட்டும். அரசுப் பேரேடு எதுவானாலும் திருத்தம் கேட்டு வரும் பெண்ணுக்குப் பதில் சொல்ல, பெயரும் பதவியும் உள்ள ஓர் ஆள் இருக்கட்டும்.

யாரையும் நம்ப வேண்டியதில்லை என்று ஒரு தொழில்நுட்பம் சொல்லும்போது அது விடுதலைபோலத்தான் கேட்கிறது, முக்கியமாக நம்பி ஏமாந்தவர்களுக்கு. ஆனால் நம்பிப் பீரோ சாவியைக் கொடுத்த பெண்ணிடம், இனி யாரையும் நம்பாதே என்று சொன்னால் பழி அவள் மீதே விழுகிறது. அவள் கேட்பது நகையை. அதைத் திருப்பிக் கொடு என்று வைத்திருப்பவனிடம் சொல்ல யாராவது இருக்க வேண்டும்.